கண்ணளவு

இந்த ஸீட்டுல யாராச்சும் இருக்காங்களா? இல்லீங்களா? அப்ப நான் உக்காந்துக்கறேன். அங்க உக்காந்தா நாலாம் நம்பர் கதவு தூண் மறைவுல போயிருது. அது தொறக்கறது எனக்குத் தெரியணும்.

உங்களுக்குக் கண்ணுல மருந்து ஊத்தியிருக்காங்களா? அப்படின்னா ஒரு மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாத்தான் இருக்கும். பேப்பர் படிக்க முடியாது, போனும் பாக்க முடியாது. எனக்கில்லீங்க. எனக்குக் கண்ணு நல்லா இருக்கு. அறுபத்தாறு வயசு முடிஞ்சிருச்சு, பொடி எழுத்துக்கு மட்டும்தான் கண்ணாடி. கூட வந்திருக்கேன். உள்ள செல்வநாயகம்னு ஒருத்தன் இருக்கான். ரயில்வேல இன்ஜின் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவன். பதினாலு வருஷமா நானும் அவனும் ஒண்ணாத்தான் கோல்ஃப் ஆடறோம். ஆடினோம்.

கோல்ஃப்னதும் பெரிய பணக்காரங்கன்னு நெனச்சுக்காதீங்க. ஊருக்கு மேக்கால, மலையடிவாரத்துல ஒரு ஒம்பது குழி மைதானம். பேரு வேண்டாம், நீங்க போய் யாருகிட்டயாச்சும் சொல்லுவீங்க. அந்தக் காலத்துல ஒரு மில்லு வெள்ளைக்காரன் தனக்குன்னு போட்டது. இப்ப எங்களை மாதிரி ரிட்டயர் ஆனவங்க, டாக்டருங்க, ரெண்டு மூணு கடைக்காரங்க. மொத்தம் எழுபது பேரு கூட இல்ல.

ஆட்டம் தெரியுங்களா உங்களுக்கு? ஒண்ணுமில்ல, தூரத்துல ஒரு குழி, குழியில ஒரு கொடி. இங்கிருந்து பந்தை அடிச்சு அதுல போடணும். யாரு கொஞ்சம் அடியில போடறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. கொடி எத்தனை கெஜம்னு பாத்து அதுக்குத் தக்க ஸ்டிக் எடுக்கணும். அதான் விஷயமே. அந்தக் கெஜத்துலதான் சண்டையே வந்துது.

அந்தக் கதவு தொறந்துச்சுங்களா இப்ப? இல்ல, காத்து.

நான் ஹைவேஸ்ல முப்பத்தியொரு வருஷம். உதவிக் கோட்டப் பொறியாளரா வெளிய வந்தேன். குழந்தைவேலு என்ஜினியர்னா அந்த டிவிஷன்ல எல்லாருக்கும் தெரியும். ரோட்டோரம் நின்னு பாத்தேன்னா அந்தப் பாலம் முந்நூத்திப் பத்து மீட்டர்னு சொல்லுவேன். டேப் புடிச்சா முந்நூத்தி எட்டு இருக்கும். கண்ணளவுங்க. கோல்ஃப்லயும் அதே கண்ணுதான். செல்வநாயகமும் லேசுப்பட்டவன் இல்ல. எக்ஸ்பிரஸ் ஓட்டுனவன், அரை மைலுக்கு அப்பால சிக்னல் பாத்தவன். ரயில்வே கண் டெஸ்ட்டுல ஒரு தடவை கூடத் தவறினதில்லேன்னு சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவான். நான் நூத்தி நாப்பதும்பேன், அவன் நூத்தி முப்பத்தஞ்சும்பான், போய் எட்டு வெச்சு எண்ணிப் பாப்போம். தோத்தவன் டீ வாங்கித் தரணும். பதினாலு வருஷம் இப்படித்தான் போச்சு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, பைக்குள்ள இருந்து கறுப்பா ஒண்ணை எடுக்கறான். சோப்பு டப்பா அளவு. ஒத்தைக் கண்ணை வெச்சுக் கொடியப் பாத்துட்டு, "நூத்தி முப்பத்தேழு"ங்கறான்.

"என்னய்யா இது?"ன்னேன்.

"தூரம் பாக்கற மெஷின்யா. லேசர். பையன் வெளிநாட்டுல இருந்து அனுப்பினான்."

"நீயும் நானும் சோத்துக்கா ஆடறோம்? நமக்கு எதுக்கு இது?"

"சும்மா ஒரு இதுக்குத்தான்யா"ன்னு சிரிச்சான்.

எனக்கு அன்னைக்கே புடிக்கலீங்க. நீங்களே சொல்லுங்க. டி.வி.ல ஆடறானே, அவனுக்கு நூத்தி முப்பத்தேழுன்னா நூத்தி முப்பத்தேழு அடிக்கத் தெரியும். எங்களுக்கு? அதே ஸ்டிக், அதே ஆளு. ஒரு நாள் நூத்தி இருபதுல விழும், ஒரு நாள் நூத்தி அம்பது போகும், ஒரு நாள் பக்கத்து வாழைத்தோப்புல போய் விழும். அடிக்கிற கைக்கு முப்பது கெஜம் கணக்கு இல்ல, பாக்கற கண்ணுக்கு ஒரு கெஜம் கணக்கு வேணுமாம். தராசு துல்லியமா இருந்து என்ன, எடைக்கல்லு ஓட்டையா இருந்தா?

ஆனா பாருங்க, அவன் ஸ்கோரு நல்லாயிருச்சு. அதுக்கு முன்னால நாலஞ்சு மாசம் கன்னாபின்னான்னு ஆடிட்டிருந்தான். ஒம்பது குழியையும் ரெண்டு சுத்து முடிக்க நூத்தி நாலு அடி, நூத்தி ஏழு அடின்னு. நான் கூட வயசாயிருச்சு போலன்னு நெனச்சேன். மெஷின் வந்த ரெண்டே மாசத்துல தொண்ணூத்தஞ்சு. எனக்கு மேல போயிட்டான். எரிச்சல் இல்லீங்க. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?

ஒரு நாள் அவன் பாத்ரூம் போயிருந்தப்ப அந்த மெஷினை எடுத்து நானும் பாத்தேன். கொடி ஆறு மடங்கு பெருசா, கிட்டக்க வந்து நிக்குது. நம்பர் சரியாத்தான் காட்டுது. அப்புறம் டாக்டர் ஒருத்தர் வெச்சிருந்ததை இரவல் வாங்கி மூணு வாரம் தனியாப் போய் ஆடிப் பாத்தேன். ஒரு அடி கூடத்தான் ஆச்சே தவிர, குறையல. பாத்தீங்களா? நான் சொன்னது சரி. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் கெடையாது.

அதை விட மோசம் என்னன்னா, அந்த மெஷின் அவன் கண்ணைக் கெடுத்துருச்சு. அப்ப அப்படித்தான் நெனச்சேன். கால்குலேட்டர் வந்ததும் நம்ம பசங்களுக்கு வாய்ப்பாடு மறந்து போச்சில்ல? அதே மாதிரி. டீ ரூம்ல பிளாஸ்க்குல இருந்து டீ ஊத்தறான், கப்புக்கு வெளிய ஊத்தறான். மேசையெல்லாம் டீ. கை குடுக்க நீட்டினா அவன் கை ஒரு சாண் தள்ளிப் போகுது. "கண்ணை மெஷினுக்குக் குத்தகைக்கு விட்டுட்டியாய்யா"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். ஸ்கூட்டரை வித்துட்டு பஸ்ஸுல வர ஆரம்பிச்சான். கேட்டா முதுகு வலிங்கறான். நான் கஞ்சத்தனம்னு நெனச்சேன்.

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திங்க. அது ஊருக்கே தெரியும். அதுக்கு முன்னால ஒரு செட்டியார் வந்திட்டிருந்தாரு, எழுபத்தெட்டு வயசு, கண்புரை. பந்தையே தேடுவாரு. ஒவ்வொரு குழியிலயும் அவருக்காகக் காத்துக் கெடக்கணும். ஒரு நாள் டீ ரூம்ல சொன்னேன், "பார்வை போனவங்க பஜனைக்குப் போகணும், கோல்ஃபுக்கு வரக்கூடாது"ன்னு. அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. செட்டியார் அதுக்கப்புறம் வரல. விளையாட்டாச் சொன்னதுங்க.

நர்ஸம்மா! நாலாம் நம்பர்ல இன்னும் எத்தனை நேரமாகும்? ... கூப்பிடுவாங்களாம். வந்ததுல இருந்து அதையேதான் சொல்றாங்க.

சரி, கேளுங்க. எங்க கிளப்புல மாசாமாசம் ஒரு போட்டி. அந்த மாதிரி போட்டியில மெஷின் கூடாதுன்னு கிளப் நெனச்சா தடை போடலாம். ரூல் புத்தகத்துலயே இருக்கு. நான் படிச்சு, கோடு போட்டு, கமிட்டிக்கு லெட்டர் எழுதினேன். செக்ரட்டரி ஹரிதாஸ்னு, பாலக்காட்டுக்காரரு. மீட்டிங் போட்டாரு. நான் எந்திரிச்சுப் பேசினேன். ஒண்ணு, எங்களை மாதிரி ஆளுங்களுக்கு மெஷினால பிரயோஜனம் இல்ல. ரெண்டு, மெஷின் வெச்சிருக்கிறவனுக்கு அது அநியாயமா உதவி பண்ணுது.

ஹரிதாஸ் கண்ணாடிய இறக்கிப் பாத்தாரு. "என்ஜினியர் சார், பிரயோஜனம் இல்லியா, அநியாயமா உதவுதா? ரெண்டுல எது?"

"ரெண்டும்தான்"னேன்.

அவரு செல்வநாயகத்தப் பாத்தாரு. "நாயகம் சார், உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தா சொல்லுங்க. கமிட்டி கேக்கும்"னாரு. மெதுவாச் சொன்னாரு. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு.

செல்வநாயகம் என்னப் பாத்தான். அப்புறம் மேசையப் பாத்தான். "ஒண்ணுமில்ல சார். ஓட்டுக்கு விடுங்க"ன்னான்.

கை தூக்கச் சொன்னாங்க. எதிர்ப்பா ஆறு கை. ஆதரவா என்னோட சேத்து ஆறு. ஏழாவதா ஒரு கை மேல போகுது. செல்வநாயகம் கைங்க அது! அவன் தூக்காம இருந்திருந்தா சரிக்குச் சரி, தீர்மானம் செத்துப் போயிருக்கும். "பாத்தீங்களா, மெஷின்காரனே ஒத்துக்கிட்டான்"னு நான் அவன் முதுகுல தட்டினேன். எவ்வளவு பெரிய மனசுன்னு அன்னைக்கு வீட்டுல போய் என் சம்சாரத்துகிட்ட கூடச் சொன்னேன்.

இன்னொண்ணும் பண்ணினேன். அதையும் சொல்லிர்றேன். எங்களுக்குப் பை தூக்கி வர்றதுக்கு ஆளுங்க உண்டு. பூவாத்தான்னு ஒரு பொம்பள, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், எப்பவும் செல்வநாயகம் பைதான் தூக்கும். நடக்கறப்ப அவன் இடது பக்கம் ஒட்டியே நடக்கும், ஏதோ முணுமுணுன்னு சொல்லிட்டே வரும். மெஷின் போனாலும் இது தூரம் சொல்லிக் குடுத்துரும்னு எனக்குப் பட்டுது. அதனால போட்டி அன்னைக்கு யாருக்கு யாரு பை தூக்கறதுன்னு சீட்டுக் குலுக்கணும்னு கேட்டேன். ஹரிதாஸுக்கு இஷ்டமில்ல, ஆனாலும் குலுக்கினாரு. பூவாத்தா எனக்கு வந்துது. செல்வநாயகத்துக்கு வேற ஒரு ஆளு, புதுசு.

போட்டி நடந்தது மார்கழி மாசம். பனி எல்லாம் விலகி நல்ல வெயில் வந்திருச்சு. முதல் குழியில இருந்தே செல்வநாயகம் தடுமாறினான். "கொடி எங்கய்யா வெச்சிருக்கான் இன்னைக்கு?"ன்னு என்கிட்ட கேட்டான். "போட்டியில கேக்கக் கூடாது, ரூல்"னு சொன்னேன். சிரிச்சுட்டேதான் சொன்னேன். ஆறாவது குழியில பந்தை எதுக்காலப் பாத்து அடிக்காம வாழைத்தோப்பைப் பாத்து அடிச்சான். கிட்டக்க இருக்கற பந்தைத் தட்டறப்ப ஸ்டிக் பந்துக்கு முன்னாலயே மண்ணைக் கொத்துது. எனக்குள்ள என்ன ஓடிச்சு தெரியுங்களா? வெக்கமா இருக்கு சொல்ல. "மெஷின் இல்லேன்னா இவ்வளவுதான் இவன்"னு ஓடிச்சு.

ஏழாவது குழிக்குப் போற வழியில இடது பக்கம் மழைத்தண்ணி போற கால்வாய். கல்லு கட்டினது, இடுப்பளவு ஆழம். நான் பின்னால வர்றேன். பதினாலு வருஷமா நடந்த பாதைங்க. அவன் பேசிட்டே நடந்தான், கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் ஒதுங்கிப் போனான், அடுத்த எட்டு வெறுங்காத்துல வெச்சான். சத்தம் கூட வரல. ஆளைக் காணோம்.

என் பை டமால்னு கீழ விழுது. பூவாத்தா ஓடுது. நான் நிக்கறேன். கால்வாயில எறங்கி அவன் தலையத் தூக்கி மடியில வெச்சுட்டு அது என்னப் பாத்துக் கத்துது. "சாரை என்கிட்டயே விட்டிருக்கக் கூடாதுங்களா? சாருக்கு அந்தப் பக்கம் தெரியாதுங்களே!"

"எந்தப் பக்கம்?"னேன்.

"இடது கண்ணு போயி ரெண்டு வருஷமாச்சுங்க. வலதும் மங்கலு. உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்கதான கூட்டாளி?"

நெத்தியில ரத்தம். வலது மணிக்கட்டு ஒடஞ்சு வேற பக்கம் திரும்பி நிக்குது. அந்த நெலமையிலயும் செல்வநாயகம், "பூவாத்தா, சும்மா இரு"ன்னான்.

தண்ணி இருக்குங்களா உங்ககிட்ட? ஒரு வாய் போதும். ... நல்லா இருக்கணும் நீங்க.

கண்ணுல நீரழுத்தம்ங்க. வலியே இல்லாம கண்ணைத் தின்னுட்டுப் போயிருமாம். அவனுக்குத் தெரியறப்பவே இடது கண்ணு முடிஞ்சிருச்சு. அந்த வாரம்தான் மெஷின் வாங்கியிருக்கான். பையன் அனுப்பலீங்க, இவனே வாங்கினது. ஒத்தைக் கண்ணை வெச்சுப் பாக்கறதுதான அது? கொடி ஆறு மடங்கு பெருசாத் தெரியும்னு சொன்னேன்ல? அவன் தூரம் பாக்க வாங்கலீங்க. கொடி எங்க இருக்குன்னு பாக்க வாங்கியிருக்கான். நான் ரெண்டு வருஷமா கெஜக் கணக்கு பேசிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

எனக்கு அளந்து பாக்காம எதுவும் உள்ள ஏறாதுங்க. வீட்டுல இடது கண்ணுல கைக்குட்டையக் கட்டிக்கிட்டு டம்ளர்ல காப்பி ஊத்திப் பாத்தேன். பாதி வெளிய போச்சு. என் சம்சாரம் வந்து பாத்துட்டு, "என்ன கூத்து இது?"ங்குது. கைக்குட்டைய அவுத்து அதாலயே மேசையத் தொடச்சேன்.

ஆஸ்பத்திரில இருந்து அவன் வீட்டுக்கு வந்ததும் போனேன். கையில கட்டு. சேருல உக்காந்திருந்தான். என் குரல் கேட்டதும் நிமிந்து, "வாங்க சார். உக்காருங்க"ன்னான். சாருங்க! பதினாலு வருஷம் வாய்யா போய்யான்னு பேசினவன். மழை பெய்யுமா, காய்கறி என்ன வெலைன்னு பேசினான். நான் கண்ணைப் பத்தி எடுத்தேன். "அதெல்லாம் இருக்கட்டும் சார், காப்பி சாப்பிடுங்க"ன்னான். கத்தியிருந்தா, திட்டியிருந்தா, நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மரியாதை குடுத்தா என்னங்க பண்றது?

வாசல் வரைக்கும் அவன் சம்சாரம் வந்துது. எஸ்தர்னு பேரு, என்னை அண்ணான்னுதான் கூப்புடும்.

"ஏம்மா, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. செக்ரட்டரிக்குத் தெரியும், பை தூக்கற பொம்பளைக்குத் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் லெட்டரே எழுதியிருக்க மாட்டேனே?"

அது சேலைத் தலைப்பைப் புடிச்சிட்டு நின்னுது. "உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினாருங்கண்ணா."

"ஏன்?"

"செட்டியாரைப் பத்தி நீங்க டீ ரூம்ல பேசினதை அன்னைக்கு வீட்டுல வந்து சொன்னாரு. சொல்லிச் சொல்லிச் சிரிச்சாருங்க. அதுக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் இவருக்குக் கண்ணு இப்படின்னு தெரிஞ்சுது."

நான் செருப்பைக் கூடச் சரியாப் போடாம வந்துட்டேன்.

கிளப்புல அடுத்த மாசமே தடையை எடுத்துட்டாங்க. நான்தான் மொதல்ல கை தூக்கினேன். இப்ப பத்துப் பன்னெண்டு பேரு மெஷின் வாங்கியிருக்காங்களாம். ஒருத்தன் ஸ்கோரும் அசையலேன்னு ஹரிதாஸ் சொன்னாரு. அதைத்தானுங்க நான் அப்பவே சொன்னேன்! சட்டப்படியும் சரி, கணக்குப்படியும் சரி, நான் சொன்னதுல என்ன தப்பு? சொல்லுங்க. அவன் சொல்லியிருக்கணுமா இல்லியா? கூட்டாளிகிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லுவாங்க?

சரி, விடுங்க.

அவன் மைதானத்துக்கு வர்றதில்ல. நானும் போறதில்ல. முட்டி வலிங்க எனக்கு. மத்தபடி ஒண்ணுமில்ல.

இன்னைக்கு வலது கண்ணுக்கு லேசர் வெச்சு அழுத்தத்தக் குறைக்கறாங்க. இருக்கற பார்வையக் காப்பாத்திக்கறதுக்கு. போனது போனதுதானாம். எஸ்தருக்குக் காய்ச்சல், ஆட்டோக்காரன் நம்பர் இருக்கான்னு என் சம்சாரத்துகிட்ட கேட்டுருக்கு. நான் கார எடுத்துட்டுப் போய் நின்னுட்டேன். அவன் வேண்டாம்னான். "ஆட்டோ வராது, ஏறு"ன்னேன். ஏறினான். முன் ஸீட்டுல இல்லீங்க. பின்னால ஏறி உக்காந்தான், டாக்ஸியில போற மாதிரி. கண்ணாடியில பாத்தா ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருக்கான். அங்க என்ன தெரியும் அவனுக்கு? இத்தனை தூரமும் நான் மட்டும் ரோட்டைப் பத்திப் பேசிட்டே வந்தேன். இந்தப் பாலம் எங்க டிவிஷன்ல கட்டினது, அது இதுன்னு.

இருங்க. கதவு. நாலாம் நம்பர்தான! தொறந்திருச்சு. அவன்தான், கறுப்புக் கண்ணாடி போட்டு வர்றான் பாருங்க. செவுத்தப் புடிச்சுட்டு. உங்களுக்குத் தெரியாது, மருந்து ஊத்தியிருக்கு, மறந்துட்டேன். அந்த நர்ஸ் பொண்ணு கையில பேப்பர் வெச்சுட்டு ஏதோ கேக்குது. "கூட யாரு வந்திருக்காங்க?"ன்னு கேக்குது. நான்தாம்மா! இங்க இருக்கேன்! ... "அவரு உங்களுக்கு என்ன வேணும்?"னு கேக்குது அவனை.

என்ன சொன்னான், கேட்டுச்சுங்களா உங்களுக்கு?

"தெரிஞ்சவர்"ங்கறான்.

தெரிஞ்சவர்.

... சரிங்க. யாரும் வரலேன்னு சொல்லலியே. அந்தப் பக்கம் வழியில வீல் சேர் ஒண்ணு நிக்குது, இடது பக்கம்தான், அவனுக்குத் தெரியாது. நான் போறேன். போய்க் கையைப் புடிச்சுக்கறேன். உதறுவான். உதறட்டும், மறுபடி புடிச்சுக்கறேன்.